டிராகுலாவைத் தேதி பார்த்துப் படித்தேன்

டிராகுலா யார் என்று தெரியாமல் அந்த நாவலைத் திறப்பவர் இன்று யாரும் இருக்க மாட்டார்கள். கோரைப் பல், சவப்பெட்டி, பூண்டு, வௌவால் எல்லாம் சினிமாவிலும் கார்ட்டூனிலும் பார்த்துப் பார்த்து நமக்குப் பழகிப் போனவை. 1897 மே மாதம் லண்டனில் பிராம் ஸ்டோக்கரின் புத்தகம் மஞ்சள் அட்டையோடு வெளிவந்தபோது அதை வாங்கிய வாசகருக்கு, மலைக்கோட்டையில் தனியாக வாழும் அந்தப் பிரபு மனிதனா வேறு ஏதாவதா என்பது பெரிய புதிராக இருந்திருக்கும். நமக்கோ தலைப்பைப் பார்த்ததுமே விடை தெரிந்துவிடுகிறது. பிறகு எதற்கு 27 அத்தியாயங்கள் படிக்க வேண்டும்?

படித்து முடித்த பிறகு இந்தக் கேள்விக்கு எனக்கு ஒரு பதில் கிடைத்தது. நமக்குத் தெரிந்தது கதைக்குள் இருப்பவர்களுக்குத் தெரியாது. அதைவிட முக்கியமாக, ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாது. ஆளுக்கொரு துண்டு கையில் வைத்திருக்கிறார்கள். அத்தனையையும் ஒரே மேசையில் கொட்டியிருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும். கொட்டவில்லை. ஏன் கொட்டவில்லை என்பதுதான் என்னை இந்தப் புத்தகத்தில் உட்கார வைத்தது. ரத்தம் குடிக்கும் காட்சிகளை விட அதுவே எனக்கு அதிக நடுக்கம் தந்தது. (கதையைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. கதை தெரியாமலே படிக்க விரும்புகிறவர்கள் முதலில் நாவலை முடித்துவிட்டு வரலாம்.)

முதலில் புத்தகத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். இதில் கதைசொல்லி என்று தனியாக யாரும் கிடையாது. முழுக்க முழுக்கக் காகிதங்கள்தான்: ஜொனாதன் ஹார்க்கர் என்ற இளம் வழக்கறிஞர் சுருக்கெழுத்தில் எழுதும் நாட்குறிப்பு, அவர் மணக்கப் போகும் மினாவின் நாட்குறிப்பு, மினாவின் தோழி லூசியின் கடிதங்கள், மனநல விடுதி நடத்தும் டாக்டர் சீவார்ட் ஃபோனோகிராஃப் உருளையில் பேசிப் பதிவு செய்யும் குறிப்புகள், தந்திகள், செய்தித்தாள் துணுக்குகள், ஒரு கப்பலின் பயணக் குறிப்பு. ஒவ்வொன்றிலும் தேதி இருக்கிறது. எழுதும்போது அடுத்து என்ன நடக்கும் என்பது எழுதுபவருக்குத் தெரியாது. ஸ்டோக்கர் 1878 முதல் லண்டன் லைசியம் நாடக அரங்கை நிர்வகித்தவர். மேடையில் நிற்பவனுக்குத் தெரியாதது பார்வையாளருக்குத் தெரிந்திருந்தால் அரங்கம் எப்படித் தவிக்கும் என்பதை இரவுதோறும் நேரில் பார்த்தவர். அந்த அனுபவம் இந்தப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

அதனால் நான் செய்த முதல் காரியம், ஒரு தாளைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டது. தேதி, யார் எழுதியது, அந்த நாளில் அவருக்கு எது தெரியும், இவ்வளவுதான் குறிப்பு. பாடம் படிப்பது மாதிரி நீளமாக எழுதினால் சுவாரஸ்யம் போய்விடும். ஒரு பதிவுக்கு ஒரு வரி போதும். இந்தத் தாள் இல்லாவிட்டால் செப்டம்பர் மாதத்து நிகழ்ச்சிகளின் கனம் எனக்குப் புரிந்திருக்காது.

அப்புறம், சினிமாவில் பார்த்த முகத்தை ஒதுக்கி வைக்க வேண்டும். நாவலில் வரும் டிராகுலா வழுவழு முகத்து அழகன் இல்லை. உயரமான கிழவர், நீண்ட வெள்ளை மீசை, அடர்ந்த புருவம், உள்ளங்கையில் முடி. ரத்தம் குடிக்கக் குடிக்க வயது குறைகிறது. இன்னொன்று, வெயில் பட்டால் அவர் சாம்பலாவதில்லை. 1922-இல் வந்த நோஸ்ஃபெராட்டு என்ற ஜெர்மன் மௌனப் படம்தான் ரத்தக் காட்டேரியை வெயிலால் கொன்றது. நாவலிலோ அவர் பட்டப்பகலில் லண்டன் பிக்காடில்லி தெருவில் நிற்கிறார். பகலில் சக்தி குறைவு, நினைத்தபடி உருமாற முடியாது, அவ்வளவுதான். விடிந்துவிட்டால் பயமில்லை என்ற படத்து நம்பிக்கையோடு படித்தால், பகலில் நடக்கும் எதுவும் நம்மைத் தொடாது. அதை மறந்துவிட்டுப் படியுங்கள், பாதி பயம் திரும்பி வந்துவிடும்.

முதல் நான்கு அத்தியாயங்களுக்கு எந்த ஆலோசனையும் தேவையில்லை. பிரபுவுக்கு இங்கிலாந்தில் வீடு வாங்கித் தரும் வேலையாக ஹார்க்கர் டிரான்சில்வேனியா போய்க் கோட்டையில் மாட்டிக்கொள்ளும் பகுதி அது. இன்றைக்கும் ஒரே மூச்சில் படிக்க முடிகிறது. முதல் பக்கத்தில் அவர் ரயில் ஒரு மணி நேரம் தாமதம் என்று எழுதுகிறார், சாப்பிட்ட கோழிக்கறியின் செய்முறையை மினாவுக்காகக் கேட்டு வாங்க வேண்டும் என்று குறித்துக்கொள்கிறார். இந்த அற்ப விவரங்களை வேகமாகத் தாண்டிவிடக் கூடாது. பிறகு அதே கை, அதே நிதானமான எழுத்தில், தன்னை வரவேற்ற பிரபு கோட்டைச் சுவரில் பல்லியைப் போலத் தலைகீழாக இறங்குவதை எழுதுகிறது. ரயில் நேரத்தைச் சரியாகக் குறித்தவர் என்பதால் இதையும் நம்ப வேண்டியிருக்கிறது.

நான் அடிக்கோடு போட்ட இடம் வேறு. மே 19 அன்று பிரபு ஹார்க்கரிடம் மூன்று கடிதங்கள் எழுதி வாங்குகிறார்: வேலை முடியப் போகிறது என்று ஒன்று, புறப்படப் போகிறேன் என்று ஒன்று, கோட்டையை விட்டுக் கிளம்பிவிட்டேன் என்று ஒன்று. தேதிகளையும் அவரே சொல்கிறார், ஜூன் 12, ஜூன் 19, ஜூன் 29. தனக்கு எத்தனை நாள் ஆயுள் மிச்சம் என்பது ஹார்க்கருக்கு அந்தத் தேதிகளிலிருந்தே புரிந்துவிடுகிறது. ஹார்க்கர் ரகசியமாக மினாவுக்கு அனுப்ப முயலும் சுருக்கெழுத்துக் கடிதத்தைத் தன்னால் படிக்க முடியவில்லை என்பதாலேயே பிரபு எரிக்கிறார். இந்தப் புத்தகத்தில் பிரபுவின் முதல் ஆயுதம் பல் இல்லை, அஞ்சல்தான் என்று என் தாளில் எழுதினேன். அந்த வரி கடைசி வரை எனக்கு வழிகாட்டியது.

ஐந்தாவது அத்தியாயத்தில்தான் பலர் புத்தகத்தை மூடுகிறார்கள். ஹார்க்கரின் குறிப்பு ஜூன் 30-இல் கோட்டைச் சுவரில் இறங்கித் தப்பிக்கும் முடிவோடு நிற்கிறது. பக்கத்தைப் புரட்டினால் மே 9 தேதியிட்ட கடிதம், இரண்டு இளம்பெண்களின் அரட்டை, ஒரே நாளில் மூன்று பேர் லூசியை மணக்கக் கேட்டது. என் அக்காவும் அதே நாட்களில் இதைப் படித்தாள். அந்த இடத்தில் அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. "அவன் செத்தானா பிழைச்சானான்னு தெரியல, இவளுங்க கல்யாணப் பேச்சு பேசிட்டிருக்காளுங்க" என்றாள். அந்தக் கோபம் வர வேண்டும் என்றுதான் ஸ்டோக்கர் அப்படி அடுக்கியிருக்கிறார். மே 9 என்ற தேதியைக் கவனித்தால், மினா அந்தச் சிரிப்பும் கும்மாளமுமான கடிதத்தை எழுதிய நாளில் ஹார்க்கர் ஏற்கெனவே கோட்டைக்குள் கைதி என்பது தெரியும். அரட்டையை அந்த நினைப்போடு படியுங்கள். மறுபடி படித்தபோது அக்காவுக்குக் கோபம் போய் வயிற்றைப் பிசைந்ததாம்.

ஆறாவது அத்தியாயத்தில் விட்பி என்ற இங்கிலாந்தின் கடலோர ஊர் வருகிறது. ஸ்டோக்கர் 1890 கோடையில் அங்கே தங்கியவர். டிராகுலா என்ற பெயரைக்கூட அங்கிருந்த நூலகத்தில் ஒரு பழைய வரலாற்றுப் புத்தகத்திலிருந்துதான் எடுத்தார். 1885-இல் டிமித்ரி என்ற ரஷ்யக் கப்பல் அந்தக் கரையில் தட்டி நின்றது. நாவலில் அது பிரபுவை இங்கிலாந்துக்குக் கொண்டுவரும் டிமீட்டர் ஆயிற்று. டிரான்சில்வேனியாவுக்கு அவர் போனதே இல்லை, விட்பியின் படிகளில் நடந்திருக்கிறார். அதனால் விட்பிப் பகுதி எழுத்தில் ஒரு திடம் இருக்கிறது. அங்கே ஸ்வேல்ஸ் என்ற கிழ மாலுமி வட்டார வழக்கில் பேசும் பேச்சுதான் கடினம். அகராதியைத் தேடி ஓடாதீர்கள். வாய்விட்டுப் படித்தால் பாதி தானாகப் புரியும். மீதி புரியாவிட்டாலும் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்: கல்லறைக் கற்களில் எழுதியிருப்பதெல்லாம் பொய், பல கல்லறைகளுக்குள் உடலே கிடையாது, ஆட்கள் கடலில் போனவர்கள் என்று அவர் சொல்கிறார். எழுதி வைத்ததற்கும் உண்மைக்கும் தூரம் உண்டு என்ற அந்தப் பேச்சு கதைக்கு மிக முக்கியம்.

ஆகஸ்ட் மாதத்து ஓர் இரவு. லூசி தூக்கத்தில் நடந்து, குன்றின் மேலிருக்கும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விடுகிறாள். மினா ஓடிப் போய்க் கண்டுபிடிக்கிறாள். குளிரில் நடுங்கும் தோழிக்குத் தன் சால்வையைப் போர்த்தி, கழுத்தருகே ஊக்கு குத்துகிறாள். தன் காலணிகளைக் கழற்றி லூசிக்குப் போடுகிறாள். வெறுங்காலோடு வருவது வழியில் யார் கண்ணிலும் படக் கூடாது என்று தன் பாதங்களில் சேற்றைப் பூசிக்கொள்கிறாள். மறுநாள் லூசியின் கழுத்தில் ஊசி குத்தினாற்போல இரண்டு சிவப்புப் புள்ளிகள். அய்யோ, நான்தான் ஊக்கைச் சரியாகக் குத்தாமல் அவளைக் காயப்படுத்திவிட்டேன் என்று வருந்தி எழுதுகிறாள் மினா.

இந்த இடத்தில் நான் புத்தகத்தைக் கீழே வைத்தேன். எத்தனையோ பேய்ப்படம் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு தவிப்பு வந்ததில்லை. மினா புத்திசாலி. எதையும் கவனிப்பவள், எழுதி வைப்பவள். ஆனால் அவள் கையில் இருக்கும் துண்டுக்கு அந்த விளக்கம்தான் நியாயமானது. நடந்ததை அவள் வெளியே சொல்லவும் மாட்டாள். லூசியின் அம்மாவுக்கு இதயம் பலவீனம், தெரிந்தால் தாங்க மாட்டார், ஊர் வாயிலும் விழ வேண்டாம். அன்பினாலும் மரியாதையினாலும் ஒரு செய்தி மூடப்படுகிறது. இனி இதே தான் திரும்பத் திரும்ப நடக்கப் போகிறது.

என் தாளில் மிகப் பெரிய வட்டம் போட்ட தேதி ஆகஸ்ட் 24. தப்பித்து வந்த ஹார்க்கர் புடாபெஸ்டில் ஒரு மருத்துவமனையில் மூளைக்காய்ச்சலோடு கிடக்கிறார். மினா அங்கே போய் அவரை மணக்கிறாள். அவர் தன் நாட்குறிப்பை அவளிடம் தருகிறார். இதில் இருப்பது நிஜமா பிரமையா என்று எனக்கே தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை, நீ வேண்டுமானால் படி, என்னிடம் மட்டும் சொல்லாதே என்கிறார். மினா படிப்பதில்லை. வெள்ளைத் தாளில் சுற்றி, தன் கழுத்திலிருந்த நீல நாடாவால் கட்டி, அரக்கு உருக்கி, திருமண மோதிரத்தாலேயே முத்திரை வைக்கிறாள். நம் வாழ்நாள் முழுக்க ஒருவரை ஒருவர் நம்புவோம் என்பதற்கு இதுவே அடையாளமாக இருக்கட்டும் என்கிறாள்.

இவ்வளவு அழகான காதல் காட்சியைப் படிக்கும்போது எனக்கு வயிற்றில் தீ எரிந்தது. அந்தக் கட்டுக்குள் பிரபுவின் முகம் இருக்கிறது, கோட்டை இருக்கிறது, மண் நிரப்பிய பெட்டிகள் இருக்கின்றன, இங்கிலாந்தில் அவர் வாங்கிய கார்ஃபாக்ஸ் மாளிகையின் முகவரிகூட இருக்கிறது. லூசியைக் காப்பாற்றத் தேவையான எல்லாமே இருக்கிறது. லூசி இறப்பது செப்டம்பர் 20. மினா அந்த முத்திரையை உடைத்துப் படிப்பது செப்டம்பர் 23. நாவல் இதைச் சுட்டிக்காட்டி ஒரு வார்த்தை சொல்வதில்லை. தேதிகளை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. தாளில் இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோதுதான் நான் இதைப் பார்த்தேன். அக்காவிடம் சொன்னபோது அவள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இன்னொரு தடவை அந்த மாசத்தை மட்டும் படிக்கலாம் வா" என்றாள்.

அந்த மாதத்தைத் திரும்பப் படித்தபோது மூடிய கதவுகள் இன்னும் பல தெரிந்தன. லூசிக்கு ரத்தம் குறைந்துகொண்டே போகிறது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து பேராசிரியர் வான் ஹெல்சிங் வருகிறார், காரணம் என்னவென்று அவருக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. ஆனால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று உடனிருக்கும் சீவார்டிடம்கூட வாய் திறப்பதில்லை. அறை முழுக்கப் பூண்டுப் பூக்களை வைக்கிறார், ஏனென்று சொல்வதில்லை. இரவில் லூசியின் அம்மா வருகிறார். அவரிடம் மகளின் ஆபத்தைப் பற்றி யாரும் பேசியதில்லை. இந்த வாடையில் குழந்தை எப்படித் தூங்கும் என்று பூக்களையெல்லாம் எடுத்துவிட்டுக் காற்று வரட்டும் என்று ஜன்னலையும் திறந்து வைக்கிறார். காலையில் டாக்டர்களிடம் அதைப் பெருமையாகச் சொல்கிறார். அந்த அம்மா அறையை விட்டுப் போகும் வரை வான் ஹெல்சிங் முகத்தில் புன்னகையோடு நின்று, அவர் போனதும் உடைந்து அழுகிறார். இதில் கெட்டவர் யாரும் இல்லை. எல்லோரும் இன்னொருவரைக் கவலைப்படுத்தக் கூடாது என்று நினைத்தவர்கள்.

செப்டம்பர் 17 இரவு காவலுக்கு இரு என்று வான் ஹெல்சிங் சீவார்டுக்குத் தந்தி அடிக்கிறார். முகவரியில் மாவட்டப் பெயர் இல்லாததால் அது வேறு மாவட்டத்துக்குப் போய், 22 மணி நேரம் தாமதமாகச் சேர்கிறது. அந்த இரவில் லூசிக்குக் காவல் யாரும் இல்லை. ஜன்னல் உடைகிறது, அம்மா அதிர்ச்சியில் இறக்கிறார். இதே நாட்களில் மினா லூசிக்கு இரண்டு கடிதங்கள் எழுதுகிறாள், தன் புது வீட்டைப் பற்றி, கணவனைப் பற்றி. இரண்டின் தலைப்பிலும் லூசி பிரிக்காத கடிதம் என்ற சிறு குறிப்பு இருக்கிறது. அடைப்புக்குறிக்குள் இருப்பதால் கண் தாண்டிப் போய்விடும். இந்த நாவலில் தலைப்பு, தேதி, அடைப்புக்குறி எதையும் தாண்டிப் போகாதீர்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது.

இன்றைய வாசகருக்கு மட்டும் கிடைக்கும் ஒரு பயமும் இந்தப் பகுதியில் இருக்கிறது. லூசிக்கு நான்கு ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக ரத்தம் கொடுக்கிறார்கள். எந்தப் பொருத்தமும் பார்ப்பதில்லை, ஆள் வலுவானவரா என்று மட்டும் பார்க்கிறார்கள். ரத்த வகைகளை கார்ல் லாண்ட்ஸ்டைனர் கண்டுபிடித்து வெளியிட்டது 1901-இல், நாவல் வந்து நான்கு வருடம் கழித்து. எழுதியவருக்கும் தெரியாது, கதையில் வரும் டாக்டர்களுக்கும் தெரியாது, படிக்கும் நமக்குத் தெரியும். ஒவ்வொரு முறை குழாய் ஏறும்போதும் அவளைக் கொல்வது எது என்று எனக்குச் சந்தேகம் வந்தது. இதைப் பழைய புத்தகத்தின் பிழை என்று சிரித்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிப் படிக்க மாட்டேன். அந்தக் காலத்து மருத்துவர்கள் ரத்தம் ஏற்றினால் சிலர் பிழைப்பதையும் சிலர் இறப்பதையும் கண்ணால் பார்த்தார்கள், காரணம் மட்டும் தெரியாமல் இருந்தார்கள். அந்த இருட்டுதான் கதையின் இருட்டும்.

லூசிக்குப் பிறகு புத்தகம் திரும்புகிறது. திருப்புவது மினா. அவள் டைப்ரைட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்கிறாள். கணவனின் நாட்குறிப்பைத் தட்டச்சு செய்கிறாள். சீவார்டின் உருளைகளைக் கேட்டுக் கேட்டு எழுதுகிறாள். அவர் மாதக்கணக்கில் பதிவு செய்தவர், ஆனால் அதில் வேண்டிய இடத்தைத் தேடி எடுப்பது எப்படி என்று தான் யோசித்ததே இல்லை என்று ஒப்புக்கொள்ளும் இடம் அருமை. மினா கார்பன் வைத்து மூன்று படிகள் எடுக்கிறாள், எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்குகிறாள். அப்போதுதான் அந்தக் கூட்டத்துக்கே ஒரு கதை கிடைக்கிறது. நாம் இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தது அவள் அடுக்கிய கட்டைத்தான் என்று அங்கே உறைக்கும். பிற்பாடு பிரபு வந்து மூலங்களையும் உருளைகளையும் எரிக்கும்போது, பெட்டகத்தில் வைத்த ஒரு படி தப்பிக்கிறது. அதனால்தான் வேட்டை தொடர முடிகிறது.

அவ்வளவு செய்தவளை அடுத்து என்ன செய்கிறார்கள்? அவளுக்கு ஆணின் மூளை இருக்கிறது என்று புகழ்ந்துவிட்டு, பெண் மனம் தாங்காது என்று சொல்லி, வேட்டையிலிருந்தும் பேச்சிலிருந்தும் விலக்கிவிடுகிறார்கள். ஆண்கள் சீவார்டின் விடுதிக்குப் பக்கத்திலிருக்கும் கார்ஃபாக்ஸ் மாளிகையைச் சோதனை போடப் போகும் அதே இரவில் பிரபு அவளிடம் வருகிறார். காலையில் அவள் வெளுத்துப் போயிருப்பதை ஹார்க்கர் பார்க்கிறார், நேற்றுப் பேசிய பேச்சின் களைப்பு என்று எழுதுகிறார், இனி அவளிடம் ஒன்றும் சொல்லக் கூடாது என்று இன்னும் உறுதியாக முடிவெடுக்கிறார். மினா தான் கண்ட பனிமூட்டத்தைக் கனவு என்று நினைத்து, அவரைக் கவலைப்படுத்த வேண்டாம் என்று மறைக்கிறாள். விட்பியின் ஊக்கு திரும்பி வந்துவிட்டது! முதலில் உண்மையைக் காண்பவர் ரென்ஃபீல்ட், விடுதியில் ஈயும் சிலந்தியும் தின்னும் நோயாளி. முன்பே அவர், என்னை இங்கிருந்து அனுப்பிவிடுங்கள் என்று அழுது மன்றாடினார். பைத்தியம் பேசுகிறது என்று விட்டுவிட்டார்கள்.

பெண்ணை விலக்கியதைப் படித்து ஸ்டோக்கர் பழமைவாதி என்று முடிவு கட்டுவது எளிது. நான் அப்படி அவசரப்பட மாட்டேன். விலக்கியதன் விலையை நாவலே கணக்குப் போட்டுக் காட்டுகிறது, அவளைத் திரும்பச் சேர்த்த பிறகுதான் வழி பிறக்கிறது. ஆனால் வேறு சில இடங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரு யூதரின் மூக்கைப் பற்றி வரும் வர்ணனை வெறும் வெறுப்பு. ரோமா மக்களைப் பிரபுவின் கூலிகளாக மட்டுமே காட்டுகிறது. முகத்தை வைத்துக் குற்றவாளியை அடையாளம் காணலாம் என்ற இத்தாலியக் குற்றவியலாளர் லொம்ப்ரோசோவின் கொள்கையை மினாவே ஆதாரமாகச் சொல்கிறாள். இவற்றைத் தாண்டிக் குதிக்காமல் நின்று படிப்பதே நல்லது என்று நினைக்கிறேன். கிழக்கிலிருந்து வரும் அந்நியன் நம் ஊருக்குள் வீடு வாங்கி, நம் மொழியை உச்சரிப்புப் பிசகாமல் கற்று, யாருக்கும் தெரியாமல் கலந்துவிடுவான் என்ற அன்றைய லண்டனின் பயம் இந்தக் கதைக்குள் ஓடுகிறது. பிரபு சோபாவில் படுத்து இங்கிலாந்தின் ரயில் கால அட்டவணையைப் படிக்கும் காட்சி முதல் தடவை எனக்கு வேடிக்கையாக இருந்தது. இரண்டாம் தடவை, அவன் நம் ரயில் நேரம் தெரிந்துகொண்டானே என்ற அந்தப் பதற்றத்தின் நிறம் தெரிந்தது.

கடைசி அத்தியாயங்களில் துரத்தல் நீளம். ரயில், படகு, குதிரை, மறுபடி ரயில். கிழக்கு ஐரோப்பாவின் வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். வான் ஹெல்சிங்கின் நீண்ட, உடைந்த ஆங்கிலப் பேச்சுகளை வேகமாக வாசிப்பதில் தவறே இல்லை.

சரி, எந்தப் பதிப்பு, எந்த முறை என்று கேட்பவர்களுக்குச் சில வார்த்தைகள். காப்புரிமை முடிந்த நாவல் என்பதால் குட்டன்பர்க் என்ற மின்னூல் தளத்தில் முழுப் பிரதி இலவசமாகக் கிடைக்கிறது. சுருக்கப் பதிப்பு வேண்டாம். நான் புரட்டிய ஒன்றில் கடிதம், நாட்குறிப்பு எல்லாவற்றையும் கரைத்து ஒரே குரலில் கதையாக எழுதியிருந்தார்கள். அதில் பிரபு இருக்கிறார், தேதிகள் இல்லை. நான் மேலே சொன்ன எதுவுமே அதில் நடக்காது. நல்ல பதிப்புகளில் அறிஞர்களின் நீண்ட முன்னுரை இருக்கும், அதைக் கடைசியில் படியுங்கள். எது எதற்குக் குறியீடு என்று அவர்கள் முதலிலேயே சொல்லிவிட்டால் ஊக்கு வெறும் குறியீடாகிவிடும், மினாவின் கை கண்ணில் படாது. ஒலிப்புத்தகம் கேட்பதென்றால் கதைக்குள் எழுதும் ஒவ்வொருவருக்கும் தனிக் குரல் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

மே 3-இல் தொடங்கி நவம்பர் முதல் வாரம் வரை, அந்தந்தத் தேதியின் பதிவை அந்தந்த நாளில் படிக்கும் வழக்கமும் சிலரிடம் உண்டு. நானும் பின்னால் அப்படிப் படித்துப் பார்த்தேன். ஹார்க்கரிடமிருந்து ஜூலை முழுக்க ஒரு வரிகூட வராமல் காத்திருப்பது மினாவின் காத்திருப்பாகவே ஆகிவிடுகிறது. புத்தகத்தை வேகமாகப் படிக்கும்போது அந்த வெறுமை ஒரே நொடியில் கடந்துவிடும். ஆனால் முதல் வாசிப்புக்கு இந்த முறையை நான் சொல்ல மாட்டேன். உதாரணத்துக்கு டிமீட்டர் கப்பல். புத்தக வரிசையில் முதலில் வருவது விட்பிப் புயல் பற்றிய செய்தித்தாள்: சக்கரத்தோடு கட்டப்பட்ட பிணம் ஒன்று கப்பலைத் துறைமுகத்துக்குள் ஓட்டிக்கொண்டு வருகிறது. அதற்கப்புறம்தான் கேப்டனின் குறிப்பு, ஒவ்வொருவராக மாலுமிகள் காணாமல் போன கதை. தேதிப்படி படித்தால் கப்பல் கரை சேரும் முன்பே எல்லாம் தெரிந்துவிடும், கரையில் நிற்கும் கூட்டத்தின் திகைப்பு நமக்குக் கிடைக்காது. முதலில் புத்தக வரிசை, இரண்டாவதாகத் தேதி வரிசை. நேரமில்லாதவர்கள் இரண்டாவது சுற்றில் ஆகஸ்ட் 24 முதல் செப்டம்பர் 23 வரை மட்டும் படித்தால் போதும்.

இதை முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தேடுகிறவர்களுக்கு நான் கார்மில்லாவைக் கொடுப்பேன். ஸ்டோக்கரைப் போலவே டப்ளினைச் சேர்ந்த ஷெரிடன் லெ ஃபானு எழுதியது, 1872-இல் புத்தகமாக வந்தது, டிராகுலாவுக்குக் கால் நூற்றாண்டு முந்தியது. அளவில் சிறியது, ஒரு நாள் மாலையில் முடித்துவிடலாம். அதிலும் தளபதி ஒருவரின் கடிதம் ஆரம்பத்திலேயே வந்து சேர்கிறது. ஆபத்து என்று கத்துகிறது, என்ன ஆபத்து என்று சொல்வதில்லை. பிறகு டாக்டர் நாயகியைப் பரிசோதித்துவிட்டு அவள் அப்பாவை ஓரமாக அழைத்துப் போய்ப் பேசுகிறார். அவளுக்கு என்ன நோய் என்று அவளிடம் மட்டும் யாரும் சொல்வதில்லை. அங்கேயும் ஒரு தாளை வைத்துக்கொண்டு, யாருக்கு எது எப்போது தெரிகிறது என்று குறித்தபடி படித்துப் பாருங்கள்.